காப்பகத்து நாய்: குட்டியா, வளர்ந்ததா, வயதானதா?

நாய் தத்தெடுக்க வருகிறவர்களில் நிறையப் பேர் கேட்கும் முதல் கேள்வி, "குட்டி இருக்கா?" என்பதுதான். குட்டியிலிருந்து வளர்த்தால்தான் நாய் ஒட்டும் என்று ஒரு நம்பிக்கை. ஐந்து வயது நாயும் ஒட்டும். தினமும் சாப்பாடு வைத்து, நடக்கக் கூட்டிப்போய், மிரட்டாமல் பழகுகிறவரைச் சில வாரங்களில் அது தன் ஆளாக எடுத்துக்கொள்ளும். ஆகவே பாசத்தைக் கணக்கில் சேர்க்காமல், நேரம், உடல்நலம், குணம் மூன்றையும் வைத்துப் பார்ப்போம்.

நேரம்

இரண்டு மாதக் குட்டி பகலில் சுமார் மூன்று மணி நேரம்தான் சிறுநீரை அடக்கும். வயதை மாதத்தில் எடுத்து ஒன்றைக் கூட்டிக்கொள்வது தோராயக் கணக்கு. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிப்போக வேண்டும். இரவிலும் ஒருமுறை எழ வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளைச் சாப்பாடு. நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் 28 பால் பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கும். அந்த நாட்களில் செருப்பு, மேசைக்கால், ஒயர் எதுவும் தப்பாது. அது முடிந்ததும் விடலைப் பருவம். கற்றுக்கொடுத்ததையெல்லாம் மறந்ததுபோல நடந்துகொள்ளும் இந்தக் கட்டத்தில்தான் பல வீடுகள் பொறுமையிழக்கின்றன.

வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளைச் சாப்பாடும் இரண்டு நடையும் போதும். ஆனால் கூண்டிலேயே பல மாதம் கழித்திருந்தால், இருந்த இடத்திலேயே சிறுநீர், மலம் கழிக்கும் பழக்கம் வந்திருக்கலாம். குட்டிக்குச் செய்வது போலவே நேரம் வைத்து வெளியே கூட்டிப்போனால், அடக்கும் வலு ஏற்கெனவே இருப்பதால் பெரும்பாலும் சீக்கிரம் பழகிவிடும். வீட்டில் எல்லோரும் காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிறவர்கள் என்றால், குட்டி என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.

உடல்நலம்

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி. பிறகு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 16 வாரம் வரை. ஒரே ஊசியாகப் போட்டு முடிக்காததற்குக் காரணம் இருக்கிறது: தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். "ரெண்டு ஊசி போட்டாச்சு" என்று தெருவில் இறக்கிவிட்ட குட்டி பார்வோ என்ற குடல் நோயில் விழுவது இந்த இடைவெளியில்தான். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அசையாது. சோர்வு, வாந்தி, ரத்தம் கலந்த பேதி தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஊசிகள் முடியும்வரை குட்டியைப் பூட்டி வைப்பதும் தவறுதான். புதிய மனிதர்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் ஏற்கும் வயது சுமார் 3 வாரத்தில் தொடங்கி, 12 முதல் 14 வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. கையில் தூக்கிக்கொண்டு வெளியே காட்டுங்கள். தடுப்பூசி முழுமையாகப் போட்ட, அறிமுகமான நாய்களோடு மட்டும் பழக விடுங்கள்.

வளர்ந்த நாய் என்றால் காப்பகத்தில் கேட்க வேண்டியது வேறு. ஊசி அட்டை, குடற்புழு நீக்கிய தேதி, கருத்தடை விவரம், இதயப்புழு (கொசுக்கடியால் தொற்றும் புழு) பரிசோதனை, உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை. இதயப்புழு இல்லை என்று வந்தாலும் 6 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். புதிதாகத் தொற்றிய புழு அதற்கு முன் பரிசோதனையில் தெரியாது. முதல் இரண்டு வாரம் இருமல் வருகிறதா என்று கவனியுங்கள். நாய்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் கூண்டு இருமல் சுலபமாகப் பரவும்.

குணம்

வளர்ந்த நாய்க்கு என் ஓட்டு விழுவது இங்கேதான். குட்டியின் முகத்தைப் பார்த்து அது எவ்வளவு பெரிதாகும், குழந்தைகளோடு எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கலப்பின நாய்களின் தோற்றத்தை வைத்து இனம் சொல்வது, மரபணுவைப் பார்க்கும்போது பல தடவை பொய்யாகிறது. இரண்டு மூன்று வயது நாய் உங்கள் கண்முன் முழுசாக நிற்கிறது.

ஆனால் கூண்டுக்குள் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கம்பியில் ஏறிக் குரைக்கும் நாய் வெளியே வந்ததும் காலடியில் படுத்துக்கொள்ளலாம். மூலையில் அசையாமல் இருப்பது சாதுவாகவும் இருக்கலாம், பயத்தில் உறைந்ததாகவும் இருக்கலாம். வெளியே கூட்டிவரச் சொல்லி, முதல் 15 நிமிடம் எதுவும் செய்யாமல் நில்லுங்கள். பிறகு கவனியுங்கள். உங்களைத் தேடி வருகிறதா, தின்பண்டம் வாங்குகிறதா, சத்தம் கேட்டுத் துள்ளினால் எவ்வளவு நேரத்தில் தெளிகிறது? துள்ளுவது குறையில்லை, தெளிவதற்கு ஆகும் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டில் கைவைத்துச் சோதிப்பதை நம்பாதீர்கள். காப்பகத்தில் உறுமிய நாய்கள் பல வீட்டில் உறுமுவதில்லை. தினமும் கூண்டு கழுவுகிறவரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். படிவத்தில் இல்லாதது அவருக்குத் தெரியும். தற்காலிக வளர்ப்பு வீட்டில் சில வாரம் இருந்த நாய் என்றால் இன்னும் நல்லது: பூனையைத் துரத்துமா, தனியாக விட்டால் ஊளையிடுமா என்பதற்கெல்லாம் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

முதல் வாரத்தில் தவறுவது

குட்டி வீட்டில் பெரும்பாலும் பொருட்கள் போகும். வளர்ந்த நாய் வீட்டில் நாயே போய்விடும். புது இடத்துப் பயத்தில் காலரை உருவிக்கொண்டு ஓடுவது முதல் சில நாட்களில்தான் அதிகம். ஹார்னெஸில் (மார்புப் பட்டையில்) ஒரு லீஷ், காலரில் ஒரு லீஷ் என்று இரண்டு போடுங்கள். தொலைபேசி எண் பொறித்த வில்லையைக் காப்பக வாசலிலேயே மாட்டிவிடுங்கள். தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் இருந்தால் அதன் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

அன்றைக்கே குளிப்பாட்டுவதும் உறவினரைக் கூப்பிட்டுக் காட்டுவதும் வேண்டாம். மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் நிலைப்பு என்பார்கள். விஞ்ஞானம் இல்லை, உத்தேசம்தான். மூன்றாவது வாரத்தில் நாய் திடீரென்று விருந்தாளியைப் பார்த்துக் குரைத்தால், கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள். அதுவரை அடங்கிக் கிடந்த சுபாவம் இப்போதுதான் வெளியே வருகிறது. பழைய உணவையே ஒரு வாரம் கலந்து கொடுத்து மெல்ல மாற்றினால் பேதி வராது. வீட்டில் வேறு நாய் இருந்தால், பொதுவான இடத்தில் இரண்டையும் இடைவெளி விட்டு இணையாக நடத்திவிட்டு உள்ளே அழைத்து வாருங்கள். சாப்பாடு தனித்தனி அறையில்.

இடையில் ஒன்று: துணைக்கு இருக்கட்டும் என்று ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டை எடுக்காதீர்கள். பெரும்பாலும் அவை ஒன்றையொன்று பார்க்கும், உங்களைப் பார்க்காது.

வயதான நாய்

பெரிய உடம்பு நாய் 7 வயதிலும், சிறியது 10 வயதிலும் முதுமைக்குள் வரும். பெரும்பாலானவை வீட்டு வாழ்க்கை தெரிந்தவை, அதிகம் தூங்குபவை. எடுக்கும் முன் சிறுநீரகம், கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை, பல், மூட்டு நான்கையும் பார்த்துவிடுங்கள். வழுக்கும் தரையில் பாய், 6 மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர். செலவு மருந்தில் போகும், உழைப்பு குறைவு. வீட்டிலேயே இருக்கும் பெரியவர்களுக்கு, இழுத்து விழத்தட்டாத இந்த நாய்தான் பொருத்தம்.

எதை எடுத்தாலும், ஒத்துவராவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். அப்படித் திருப்ப நேர்ந்தால், எப்போது உறுமியது, எதற்குப் பயந்தது, எவ்வளவு நேரம் தனியாக இருந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்து அழைத்துப்போகிறவர் அங்கிருந்தே தொடங்கலாம்.