ஜி ஸ்கேல் ரயில் பிராண்டுகள்: வருஷக்கணக்கா தோட்டத்துல ஓட்டிப் பாத்த அனுபவம்

பெரிய சைஸ் மாடல் ரயில் வாங்கலாம்னு இருக்கேன், எந்த பிராண்டு நல்லதுன்னு கேக்கறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது ஒண்ணுதான், என்ஜின கவுத்துப் போட்டு அடியப் பாருங்க. மேல இருக்கற பெயிண்டு, எழுத்து, புகைபோக்கி, மணி எல்லாம் இப்ப எந்த கம்பெனிக்காரனும் அழகாத்தான் பண்றான். சில வருஷம் வெயில்லயும் பனியிலயும் ஓடின பிறகு எது நிக்கும் எது நிக்காதுன்னு முடிவு பண்றது சக்கரம், கியர், தண்டவாளத்துலருந்து கரண்ட் எடுக்கற இடம், அப்புறம் ஸ்பேர் கிடைக்குதா இல்லையாங்கறது. நான் இருக்கறது நியூஜெர்சி, வீட்டுக்குப் பின்னாடி தரையிலயே ட்ராக் போட்டு ஓட்டறேன், இங்க ஜனவரில மண்ணு உறைஞ்சு ட்ராக்க மேல தூக்கிடும், ஜூலைல பித்தளை தண்டவாளத்துல கை வைக்க முடியாது. இந்த ரெண்டையும் தாங்கறதத்தான் நான் குவாலிட்டின்னு சொல்றேன்.

மொதல்ல அளவு விஷயம், ஏன்னா இங்கதான் நிறைய பேருக்கு காசு வீணாகுது. எல்லாத்தையும் ஜி ஸ்கேல்னு சொல்லித்தான் விக்கறாங்க, ஆனா எல்லாத்துக்கும் பொதுவா இருக்கறது 45 மில்லிமீட்டர் தண்டவாள அகலம் மட்டும்தான். எல்ஜிபி 1:22.5, அதாவது நிஜ ரயில்ல 22.5ல ஒரு பங்கு, அது மீட்டர் கேஜுக்கு சரியா வர்ற அளவு. பாக்மன் ஸ்பெக்ட்ரம், அக்யூகிராஃப்ட் மாதிரி ஆளுங்க பண்ற அமெரிக்க மூணடி கேஜ் என்ஜின் எல்லாம் 1:20.3. அரிஸ்டோகிராஃப்ட், யூஎஸ்ஏ ட்ரெயின்ஸ் ரெண்டும் 1:29, கணக்குப்படி பாத்தா அமெரிக்காவோட பெரிய லைன், அதாவது ஸ்டாண்டர்ட் கேஜ் ரயிலுக்கு இந்த தண்டவாளத்துல 1:32தான் வரணும், ஆனா எல்ஜிபி பக்கத்துல வச்சா ரொம்ப சின்னதா தெரியக்கூடாதுன்னு கொஞ்சம் பெருசா பண்ணியிருக்காங்க. எல்லாம் ஒரே ட்ராக்குல ஓடும், ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு கோத்தா மட்டும் கண்ணு உறுத்தும். அதனால எந்த ஊர் ரயில் வேணும்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறமா பிராண்டுக்கு வாங்க.

எல்ஜிபி பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்றேன், எனக்கு ரொம்ப பிடிச்சது அதுதான். ஜெர்மனில நியூரம்பர்க்ல லேமன் கம்பெனி 1968ல ஆரம்பிச்சது, ஆஸ்திரியாவுல ஓடின ஸ்டைன்ஸ்ங்கற குட்டி நீராவி என்ஜின்தான் அதோட அடையாளம், இன்னிக்கும் செகண்ட் ஹேண்ட்ல தாராளமா கிடைக்கும். அத வாங்கி அடி மூடியோட ஸ்க்ரூவ கழட்டிப் பாருங்க, மோட்டாரோட ரெண்டு முனையிலயும் வார்ம்ங்கற திருகு மாதிரி கியர், அது ஆக்சில்ல இருக்கற கியர சுத்துது, கரண்ட் எடுக்க சக்கரத்தோட உள்பக்கத்துல ஸ்பிரிங் வச்ச பிரஷ் உரசிட்டு இருக்கும், அது போதாதுன்னு தண்டவாளத்து மேல வழுக்கிட்டே வர்ற ரெண்டு ஷூ வேற. அதனாலதான் ட்ராக் கொஞ்சம் அழுக்கா இருந்தாலும், மேல இலை தழை கிடந்தாலும், மத்த என்ஜின் திக்கித் திக்கி நிக்கற இடத்துல இது பாட்டுக்கு போயிட்டே இருக்கும். என்கிட்ட இருக்கற பழைய ஸ்டைன்ஸுக்கு பழைய கிரீஸ வழிச்சுப் போட்டுட்டு புதுசா வச்சேன், தேஞ்ச ஷூவ மாத்தினேன், அவ்வளவுதான் அதுக்கு நான் பண்ண வேலை. பாடி பிளாஸ்டிக்கும் வெயில்ல வெளுக்கறது ரொம்ப கம்மி.

லேமன் 2006ல திவாலாகி, அடுத்த வருஷம் மெர்க்லின் வாங்கினாங்க, இப்ப தயாரிப்பு ஹங்கேரில. புதுசு விலை அதிகம்தான், அத மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா சுவிட்சர்லாந்து ரேஷியன் ரயில்வே மாடல் எல்லாம் இவங்க பண்ற அளவுக்கு இந்த சைஸ்ல வேற யாரும் பண்றதில்ல. எனக்கு அந்த சுவிஸ் மலை ரயில் மேல தனி பாசம், ஏன்னா அதுவும் நம்ம ஊட்டி ரயில் மாதிரி மீட்டர் கேஜ், ஊட்டி ரயிலோட பழைய எக்ஸ் கிளாஸ் என்ஜினே சுவிட்சர்லாந்துல வின்டர்தூர்ல செஞ்சு வந்ததுதான்.

பீக்கோவும் ஜெர்மனி, சோனபெர்க் ஊர்க்காரங்க, எல்ஜிபியோட கொக்கி கப்ளர்ல நேரா மாட்டிக்கும், விலை கம்மி. நுணுக்க வேலை கொஞ்சம் குறைவு, ஆனா குழந்தைங்க கையில எடுத்து வைக்கற வீட்டுக்கு அதுவே நல்லது, ஒட்டி வச்ச சின்னச் சின்ன பார்ட் இல்லாததால உடையறதுக்கும் ஒண்ணும் இல்ல. பட்ஜெட் இடிச்சா புது பீக்கோ, இல்லன்னா பழைய எல்ஜிபி, இந்த ரெண்டுல எதுவும் தப்பு இல்ல.

பாக்மன் பிக் ஹாலர் 1988ல வந்ததும்தான் அமெரிக்காவுல சாதாரண சம்பளக்காரன் வீட்டுக்குள்ள இந்த சைஸ் ரயில் வந்துச்சு, அந்த மரியாதைய அதுக்குக் கொடுத்தே ஆகணும். கிறிஸ்துமஸ் மரத்தச் சுத்தி ஓட்ட அந்த செட்டு தாராளமா போதும். செட்டோட வர்ற தகர ட்ராக் வீட்டுக்குள்ள போடத்தான், தோட்டத்துக்கு பித்தளை ட்ராக் தனியா வாங்கிடுங்க. அதே கம்பெனியோட ஸ்பெக்ட்ரம் வரிசை முழுசா வேற ரகம், அதுல வர்ற ஷேங்கற கியர் நீராவி என்ஜின்ல பக்கவாட்டுல சிலிண்டர் மேலயும் கீழயும் போறதையும் நீள ஷாஃப்ட் சுத்தறதையும் பாத்துட்டே உக்காந்திருக்கலாம், நேரம் போறதே தெரியாது.

அமெரிக்க டீசல்தான் வேணும்னா யூஎஸ்ஏ ட்ரெயின்ஸ். கையில தூக்கினாலே தெரியும் அந்த வெயிட்டு, முன்னாடி ஒரு மோட்டார் பிளாக், பின்னாடி ஒண்ணு, நீளமான கூட்ஸ் ரயில இழுத்துட்டு ஏத்தத்துல ஏறும்போது அந்த வெயிட்டோட அருமை புரியும். அரிஸ்டோவும் இதே அளவு, நல்ல இழுவை, ஆனா கம்பெனிய 2013 கடைசில மூடிட்டாங்க, அதனால அரிஸ்டோ என்ஜின் வாங்கறதா இருந்தா ஸ்பேருக்கு இன்னொரு ஓடாத என்ஜினையும் மலிவா தேடி வச்சுக்கங்க.

பேர் சொல்லாம ஒரு விஷயம். என்கிட்ட இருந்த ஒரு என்ஜின் நல்லா ஓடிட்டே இருந்துச்சு, ஒருநாள் மோட்டார் சத்தம் மட்டும் வருது, சக்கரம் சுத்தல. பிரிச்சுப் பாத்தா ஸ்டீல் ஆக்சில் மேல இறுக்கி ஏத்தின பிளாஸ்டிக் கியர்ல முடி மாதிரி ஒரு வெடிப்பு, பல்லு ஒண்ணுகூட தேயல, பிடிப்பு மட்டும் போயிடுச்சு, ஆக்சில் ஒரு இடத்துல நிக்க கியர் தனியா சுத்துது. பிளாஸ்டிக் வருஷமாக ஆக சுருங்கும், உள்ள இருக்கற ஸ்டீல் சுருங்காது, அதனால ஓட்டாம அலமாரில வச்ச என்ஜினுக்கும் இது வரும். வெளி ஆளுங்க செஞ்சு விக்கற பித்தளை கியர் வாங்கி மாத்தினேன், இப்ப ஓடுது. செகண்ட் ஹேண்ட் வாங்கறப்ப விக்கறவர்கிட்ட சும்மா ஓடற வீடியோ மட்டும் கேக்காதீங்க, நாலு பெட்டி மாட்டி இழுக்கற வீடியோ கேளுங்க, வெடிச்ச கியர் லோடு விழுந்தாத்தான் மாட்டும்.

பெட்டிங்க விஷயத்துல சக்கரம்தான் முக்கியம். பழைய எல்ஜிபி பெட்டில பெரும்பாலும் பிளாஸ்டிக் சக்கரம்தான் இருக்கும், பிளாஸ்டிக் எந்த பிராண்டா இருந்தாலும் தண்டவாளத்துல கருப்பா ஒரு பிசுக்க பூசிட்டே போகும், என்ஜின் கரண்ட் எடுக்காம திணறும். மெட்டல் சக்கரம் மாத்துங்க, வெயிட்டும் கீழ இறங்கறதால தடம் புரளறதும் குறையும். புது என்ஜினுக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி இதுக்கு செலவு பண்ணுங்க, வித்தியாசம் அன்னிக்கே தெரியும். ட்ராக் துடைக்கறது வெறுத்துப் போனவங்க டெண்டருக்குள்ள, அதாவது என்ஜினுக்குப் பின்னாடி வர்ற கரி வண்டிக்குள்ள, பேட்டரியும் ரிமோட் ரிசீவரும் வச்சுடறாங்க, என்னோட நீராவி என்ஜின்ல ஒண்ண அப்படி மாத்திட்டேன், மழை விட்ட உடனே எடுத்து வச்சு ஓட்ட முடியுது.

கடைசியா வளைவு. எல்ஜிபி ஆர்1 வளைவு 600 மில்லிமீட்டர் ரேடியஸ், பன்னெண்டு துண்டு சேந்தா ஒரு வட்டம், ஸ்டைன்ஸ் மாதிரி குட்டி என்ஜினுக்கு அது போதும். நீள கோச்சு, பெரிய டீசல் எல்லாம் வாங்கற ஆசை இருந்தா இடம் இருக்கற வரைக்கும் பெரிய வளைவா போடுங்க, ஆர்3ங்கற வளைவே ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலதான், அதுக்குக் கீழ இறங்காதீங்க. இடம் அவ்வளவு இல்லன்னா குட்டி என்ஜின், ரெண்டு அச்சு பெட்டிங்களோட நிறுத்திக்கங்க, அந்த சைஸ்ல எல்ஜிபியும் பீக்கோவும் வேணுங்கற அளவுக்கு வச்சிருக்காங்க.