சுபாரு பாக்ஸர் சிக்ஸ் இன்ஜின்: குன்னூர்ல ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டினவன் சொல்றேன்

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், என் வண்டிக்கு நம்பர் பிளேட் கிடையாது. வீட்ல கட்டின வண்டிய நம்ம நாட்டு சட்டப்படி ரோட்டுக்கு கொண்டுவர்றது லேசுப்பட்ட காரியம் இல்ல, அதனால மாமாவோட எஸ்டேட் ரோடு, அத விட்டா லாரில ஏத்தி கோயமுத்தூர் கரி ஸ்பீட்வே ரேஸ் ட்ராக், அவ்ளோதான் இதோட உலகம். கல்லட்டில 36 கொண்டை ஊசிலயும் இத ஓட்டிப் பாக்கணும்னு ஆசை இருக்கு, ஆசையாவே இருக்கட்டும்.

பைப் சேஸி, சீட்டுக்குப் பின்னாடி இன்ஜின், அதுக்குப் பின்னாடி கியர்பாக்ஸ். இதுக்கு பாக்ஸர் சிக்ஸ் தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். பக்கத்துக்கு மூணு சிலிண்டரா படுத்திருக்கறதால வெயிட்டு கீழயே உக்காருது, எதிரெதிர் பிஸ்டன் ஒண்ணோட உதறல இன்னொண்ணு அடிச்சிடுது. ஐடில்ல சேஸி பைப் மேல கை வச்சா ஓடுதா இல்லையான்னே சந்தேகமா இருக்கும். அப்புறம் அந்த சவுண்டு, அத எழுத்துல சொல்ல முடியாது விடுங்க.

மொதல்ல கண்ணு போனது போர்ஷே மேல தான், யாருக்குத்தான் போகாது. அவங்களோட 911 கார்ல ஏர் கூல்டு இன்ஜின் 1998ஓட முடிஞ்சுது, இப்ப அதுக்கு சொல்ற விலைக்கு நம்ம ஊர்ல அரை ஏக்கர் தேயிலையே வாங்கிடலாம் போல. சரி விலைய விடுங்க, 911ல இன்ஜின் பின்சக்கரத்துக்கும் பின்னாடி தொங்குது, அத பின்சக்கரத்துக்கு முன்னாடி கொண்டுவந்து மிட் இன்ஜின் ஆக்கணும்னா கியர்பாக்ஸோட சேத்து அப்படியே திருப்பணும், உள்ள சக்கரத்த சுத்த வைக்கற பெரிய பல்சக்கரம், அந்த கிரவுன் வீல அந்தப் பக்கம் மாத்திப் போடாம திருப்பினீங்கன்னா முன்னாடி போக ஒரே கியர், பின்னாடி போக அஞ்சு கியர்! ரிவர்ஸ்லயே தொட்டபெட்டா ஏறலாம். போர்ஷேவோட இன்னொரு கார் பாக்ஸ்டர், அதோட இன்ஜின் இதுக்கு பரவால்ல, அது பிறந்ததே மிட் இன்ஜின் காருக்கு, 1996ல வந்தது 2.5 லிட்டர் 204 குதிரைசக்தி. ஆனா அதுல இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங்னு ஒரு தலைவலி இருக்கு, அது போச்சுன்னா இன்ஜினே போச்சு. செகண்ட் ஹேண்ட்ல எங்கயோ ஓடிட்டு வர்ற இன்ஜின்ல அந்த பேரிங் எந்த நிலைமைல இருக்குன்னு யாரு கண்டா, எனக்கு தைரியம் வரல. ஹோண்டா கோல்டு விங் 1800 பைக் இன்ஜின்ல கூட ஆறு சிலிண்டர் தான், ஒரு நாள் முழுக்க அதையும் யோசிச்சேன், பைக் கியர்பாக்ஸோட ஒட்டிப் பிறந்தது, விட்டுட்டேன்.

கடைசில சுபாருவோட பாக்ஸர் சிக்ஸ், ஈஇசட் 30. 2999 சிசி, டைமிங் பெல்ட் கிடையாது, செயின். நாலு சிலிண்டர் சுபாருவ விட நீளம் கொஞ்சம் தான் கூட, அதோட கியர்பாக்ஸ்லயே போல்ட்டு உக்காரும். முக்கியமான விஷயம், சுபாருல இன்ஜின் முன் ஆக்ஸிலுக்கு முன்னாடி, கியர்பாக்ஸ் பின்னாடி, அப்போ அந்த மொத்த செட்டையும் தூக்கி அப்படியே பின்சக்கரத்துக்கு நகத்தினா அதுதான் மிட் இன்ஜின், சக்கரம் சரியான பக்கமே சுத்தும், கிரவுன் வீல திருப்புற வேலையே இல்ல. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பவர பிரிச்சுக் குடுக்கற சென்டர் டிஃபரென்ஷியல எடுத்துட்டு லாக் பண்ணி ரெண்டு வீல் டிரைவ் ஆக்கிடணும், அது கோவை லேத் பட்டறைல முடியற வேலை தான். ஆனா அதுக்கப்புறம் முழு டார்க்கும் ஒரே கிரவுன் வீல் மேல இறங்குது, அதனால கிளட்ச டபக்குனு விட்டு கிளப்பற பழக்கம் இருந்தா மறந்துடுங்க. கியர் லீவர் லிங்கேஜும் கியர்பாக்ஸோட பின்பக்கத்துல இருந்து முன்னாடி வரணும், எனக்கு கேபிள் போட்டு சரி பண்ணவே ரெண்டு மாசம் ஆச்சு.

இதுல ரெண்டு டைப் இருக்கு, 2000ல வந்த பழசு, ஆக்சிலரேட்டர் கேபிள்ல ஓடும், ஒரு பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு புகை போக ஒரே எக்ஸாஸ்ட் வாய். 2003ல இருந்து வந்த ஆர் டைப் 245 குதிரை, ஹெட்டுக்கு மூணு வாய், த்ராட்டில் எலக்ட்ரானிக். நான் ஆர் டைப் வாங்கினேன். வித்தவர் பேர் வேண்டாம், "கம்ப்ளீட் சார், தூக்கி வச்சு சாவி போட வேண்டியதுதான்"னாரு. பெட்டிய பிரிச்சா வயரிங்க ஒவ்வொரு கனெக்டர்லயும் நாலு விரக்கடை விட்டு கத்தரிச்சு வச்சிருக்காங்க, இன்ஜினோட கம்ப்யூட்டர் ஈசியூ இல்ல, பெடல் இல்ல, இன்டேக்குக்குள்ள எலி கட்டின கூடு மட்டும் கம்ப்ளீட்டா இருந்துச்சு. போன் பண்ணா "இன்ஜின் தானே சார் கேட்டீங்க"ங்கறாரு. தனியா ஈசியூ வாங்கி, அது கேம் டைமிங்கையும் வால்வு லிஃப்டையும் கண்ட்ரோல் பண்ற மாதிரி செட் பண்றதுக்குள்ள இன்ஜின் வாங்கின காசுல பாதி போச்சு. வயரிங் வராதவங்க பழைய கேபிள் டைப்பே எடுங்க, குதிரை கொஞ்சம் கம்மி, தூக்கம் நிறைய.

அந்த 245ம் கடல் மட்டத்து கணக்கு. குன்னூர் 1850 மீட்டர் இருக்கும், காத்தோட அழுத்தம் கடற்கரைல இருக்கறதுல 80 சதவீதம் தான், டர்போ இல்லாத இன்ஜினுக்கு பவரும் கிட்டத்தட்ட அதே கணக்குல குறையும், ஆக இங்க 200 கிடைச்சா பெருசு. அதே வண்டி கரி ட்ராக்ல இறங்கினா வேற வண்டி, மொத தடவ எனக்கே பயமா இருந்துச்சு.

கூலிங் தான் என்ன அழ வச்சது. ரேடியேட்டர் மூக்குல, இன்ஜின் முதுகுல, நடுவுல நீளமா ரெண்டு பைப்பு. முள்ளு 110க்கு போகும், திடீர்னு 70க்கு விழும், மறுபடி ஏறும். எனக்கு உதவிக்கு ஒரு அண்ணா இருக்காரு, டீ ஃபேக்டரில ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. வந்து பாத்துட்டு மொதல்ல ரேடியேட்டர் மூடிய கழட்டி ரப்பர நகத்தால சொரண்டினாரு, பொடிப்பொடியா கொட்டுச்சு. "ஏந்தம்பி, இங்க சோறு வேகணும்னாலே குக்கர் வேணும், தண்ணி 94லயே கொதிச்சிடுது, உன் குக்கர்ல கேஸ்கட்டே இல்லயே"ன்னாரு. புது மூடி போட்டு, வண்டிய தேயிலை ஏத்தற மேட்டுல மூக்கு மேல பாக்கற மாதிரி நிறுத்தி, டயருக்கு கல்லு வச்சு, பைப்புல சிக்கின காத்து வெளிய போக ரேடியேட்டர் மேல இருக்கற ஸ்க்ரூவ அரை சுத்து விட்டோம். உஸ்ஸுனு காத்து, அப்புறம் நுரை, அப்புறம் பச்சையா கூலன்ட் கோடு மாதிரி. இருபது நிமிஷம் அப்படியே வச்சோம். அன்னைக்கு இருந்து முள்ளு 90ஐ விட்டு நகரல. ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்ச வேலைக்கு நான் மூணு வாரம் ஹெட் கேஸ்கட் போச்சுன்னு ஒப்பாரி வச்சிருக்கேன்.

ஓட்டறதுக்கு எப்படின்னா, மூணாவது கியர்லயே எஸ்டேட் மொத்தமும் சுத்தலாம், 3000ல இருந்தே இழுவை இருக்கு, வளைவுல மூக்கு சொன்ன பக்கம் திரும்புது. ட்ராக்ல நீளமான வளைவுல மட்டும் ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கி பிரஷர் முள்ளு தலை குனியுது, இன்ஜினுக்கு அடில ஆயில் நிக்கற சம்ப்புக்குள்ள தடுப்பு தகடு வெல்டு பண்ணாம ட்ராக் பக்கமே போகாதீங்க.

பெரிய குறைன்னா பிளக். ஹெட்டு அகலம், சேஸி பைப் அதுக்கு ரெண்டு இஞ்ச் தள்ளி, ஆறு பிளக் மாத்த இன்ஜின் மவுன்ட்ட கழட்டி ஜாக்கி குடுத்து தூக்கணும், போன ஞாயித்துக்கிழமை காலைல ஆரம்பிச்சு சாயங்காலம் மிஸ்ட் இறங்கறப்ப அஞ்சு தான் முடிஞ்சுது. ஆறாவதுக்கு அண்ணா பழைய ஸ்பேனர ரெண்டா அறுத்து வளைச்சு எடுத்துட்டு வர்றேன்னிருக்காரு.