பழைய சேரை எனக்குக் கீழே வேலைக்குச் சொல்லலாமா?

ஒரு காலத்தில் என் லீவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட சேருக்கு, அதாவது என் பழைய மேலதிகாரிக்கு, இனி நான் கையெழுத்துப் போடவேண்டி வரலாம். விஷயம் இதுதான்.

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் நான் ரிசப்ஷன் பொறுப்பில் இருக்கும் ஹோட்டலில் நைட் ஓடிட்டர் (இரவில் இருந்து அன்றைய கணக்கை முடிப்பவர்) வேலைக்கு ஆள் தேடுகிறார்கள். நிலாவெளியில் இந்தத் தொழிலை எனக்குப் பழக்கிய சேரோ சரியான வேலையில்லாமல் இருக்கிறார். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்போடு வெளிநாட்டார் வரத்து விழுந்தது. அடுத்த வருடம் கொரோனா, 2022இல் பெட்ரோல் வரிசை. அவர் முகாமையாளராக இருந்த இடம் மூன்றாவது அடியைத் தாங்கவில்லை, பூட்டிவிட்டார்கள். இப்போது அவருக்கு 54 வயது. பட்டணத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் பின்னேரங்களில் கணக்கு எழுதுகிறார்.

எனக்கு முன்னால் நான்கு வழிகள் இருந்தன.

பேசாமல் விடுவது

முதலில் மனம் போனது இந்தப் பக்கம்தான். ஒரு மனேஜரைப் போய் இரவு வேலைக்குக் கூப்பிடுவதா என்று. பார்வைக்கு மரியாதை மாதிரித்தான் இருக்கும். ஆனால் இரண்டு நாள் யோசித்தபோது, கூச்சப்படுவது நான்தான் என்று தெரிந்தது. அவரிடம் இன்னும் யாரும் கேட்கவே இல்லையே! விடிய ஏழு மணிக்கு அவர் என் மேசையில் ரிப்போர்ட்டை வைத்துவிட்டு நிற்கும் காட்சி எனக்குத்தான் பொறுக்கவில்லை. அதற்காக அவருக்கு வரக்கூடிய சம்பளத்தை நான் மறைப்பதா? திருகோணமலை சின்ன ஊர் வேறு. வேலை இருந்த கதை ஒருநாள் அவர் காதுக்குப் போகாமலா இருக்கும்?

அவர் தகுதிக்கு வேறிடத்தில் பார்ப்பது

நியாயமாகப் பார்த்தால் மற்ற மூன்றையும்விட இதுதான் நல்லது. நடக்குமானால். இங்கே சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. நவம்பரில் மழை இறங்கினால் கடற்கரை வெறிச்சோடும். சின்ன இடங்களை முதலாளியின் மகனோ மருமகனோ பார்த்துக்கொள்கிறார்கள். மனேஜர் வேலை காலியாவது அபூர்வம். பாசிக்குடாவுக்கோ கொழும்புக்கோ போகலாம்தான். ஆனால் அவருடைய மாமியார் படுக்கையில் இருக்கிறார், அதனால் சேரால் ஊரைவிட்டு நகர முடியாது.

காத்திருப்பதில் ஒரு கணக்கும் இடிக்கிறது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது. பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தால்தான் வேலையை விட்டுப் போகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று கையில் கிடைக்கும். 54இல் சேர்ந்தால் 60க்குள் அந்த 5 வருடம் தாராளமாக முடியும். இரண்டு சீசன் பார்த்துவிட்டு 56இல் சேர்ந்தால் அது கைக்கு எட்டாமல் போகலாம். பெரிய பதவிக்காகக் காத்திருந்து சின்னப் பணத்தையும் விடுகிற கதை. ஹார்ட்வெயார் கடையில் அவருக்கு சேமலாப நிதியும் (ஓய்வுக்காலத்துக்குச் சேரும் பணம்) கட்டுவதில்லை. ஹோட்டலில் அவர் பங்கு 8 வீதம் போனால் ஹோட்டல் 12 வீதம் போடும், ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு சேமிப்புக்கு 3 வீதம் வேறு.

தகவல் மட்டும் சொல்வதா, சிபாரிசும் செய்வதா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

"சேர், இப்படி ஒரு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒதுங்கினால் எனக்கு ஆபத்தில்லை. வேலை கிடைத்தாலும் அது அவர் தானாகப் போட்டு வாங்கியது. யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை. ஆனால் அவருடைய சீ.வி.யை முன்பின் தெரியாத ஒருவர் எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். முன்னாள் முகாமையாளர், 54 வயது, கேட்பது நைட் ஓடிட்டர் வேலை. "இந்த ஆள் இரண்டு மாதத்தில் ஓடிவிடுவார், இல்லையென்றால் எங்களுக்கே வேலை சொல்லித்தருவார்" என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். நானே சிலருடைய சீ.வி.யை அப்படி வைத்திருக்கிறேன், ஒளிப்பானேன்.

சிபாரிசு அந்த இடத்தில்தான் உதவுகிறது. ஆனால் "பெரிய அனுபவசாலி" என்ற வகைச் சிபாரிசு அந்தப் பயத்தை இன்னும் கூட்டும். நைட் ஓடிட்டரின் வேலை என்ன? அன்றைய பில்களை மூடுவது, காசையும் கார்ட் சீட்டுகளையும் ஒப்பிடுவது, ஒரு ரூபாய் உதைத்தாலும் அது எங்கே என்று கண்டுபிடிப்பது, விடிய முன் ரிப்போர்ட்டை முடிப்பது. இதில் சேர் புலி. நான் ஒருமுறை இரண்டு அறைகளின் பில்லை மாற்றிப் போட்டபோது, விடிய மூன்று மணி வரை என் பக்கத்திலேயே இருந்து வவுச்சர் வவுச்சராகப் பார்த்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. சிபாரிசில் எழுத வேண்டியது அந்த இரவைத்தான், பதவியை அல்ல. புதிய புக்கிங் மென்பொருளை அவர் பழகவேண்டும் என்பதையும் எழுதவேண்டும்.

இதில் என் பெயரும் பணயமாகிறது. அவர் இடையில் விட்டுப்போனால் அடுத்த முறை என் சொல்லுக்கு மதிப்பிருக்காது. அவர் எனக்குச் சேராக இருந்தவர் என்பதை மறைத்துப் பிறகு தெரியவந்தால் இன்னும் மோசம். ஆகவே அதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, நேர்முகத்தில் நான் உட்காரமாட்டேன் என்றும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். சம்பள உயர்வை வேறொருவர் பார்ப்பாரா என்று கேட்டேன், சம்மதித்தார்கள். லீவுப் படிவம் மட்டும் என்னிடம்தான் வரும். அதற்கு வழியில்லை.

அப்புறம், சிபாரிசு செய்வதென்றாலும் அவரிடம் கேட்காமல் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சேவிஸ் சார்ஜ் (விருந்தினர் பில்லில் சேர்த்து ஊழியருக்குப் பங்கிடும் பணம்) மழைக்காலத்தில் எப்படி இறங்கும், யாருக்குக் கீழே என்று எல்லாவற்றையும் தாளில் எழுதிவைத்துவிட்டுத்தான் அழைப்பு எடுத்தேன். கடைசி விஷயத்தைச் சொல்லும்போது தொண்டை அடைத்தது. "சேர், நீங்கள் எனக்குத்தான் ரிப்போர்ட் தரவேண்டி வரும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அது சரி தம்பி," என்றார். "வேலை முடிஞ்சு வர காலமை பஸ் இருக்கா?"