ஒன்பது விடுமுறைப் பட்டியலும் ஒரு வெள்ளை ஸ்டிக்கரும்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் உள்ள அந்தச் சின்னப் புத்தகக் கடையின் வருட உறுப்பினர் கட்டணம் 1,500 ரூபாவிலிருந்து 1,000 ஆக இறங்கியதும் "சேரலாமா, வேண்டாமா?" என்ற கேள்வி வரத் தொடங்கிவிட்டது. எந்தக் கடை என்று கேட்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குப் பெயர் வேண்டாம், கீழே கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. மூன்று வருடப் பாவனை, ஒன்பது விடுமுறைப் பட்டியல், இருபதுக்கு மேற்பட்ட நிகழ்வுகள். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் விடுமுறைப் பட்டியல், அதாவது பாடசாலை விடுமுறையில் வாசிக்கக் கடை பரிந்துரைக்கும் புத்தகங்கள். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று வருடத்துக்கு மூன்று. பாடசாலைத் தவணைக் கலண்டர் இடம் மாறினாலும் கடை தன் மாதத்தை மாற்றுவதில்லை. ஒரு ஏ4 தாள், மூன்றாக மடித்தது, அதில் 12 புத்தகம். வயதுவாரியாகப் பிரிக்காமல் நாள்வாரியாகப் பிரித்திருப்பதுதான் இதன் கெட்டித்தனம்: "இரண்டு மழை நாளுக்கு", "ஒரு கிழமைக்கு", "ரிசல்ட் வரும்வரை". கடைசிப் பிரிவு ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை எழுதிவிட்டு மாதக்கணக்கில் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு. தடித்த நாவல்களும் வரலாறும் அங்கேதான் வரும். ஒவ்வொரு தலைப்புக்கும் பக்க எண்ணிக்கை, விலை, கடையில் எத்தனை பிரதி இருக்கிறது என்ற மூன்றையும் போட்டுவிடுகிறார்கள். பிரதி எண்ணிக்கையைப் பார்க்காமல் பஸ் ஏறாதீர்கள். "2" என்று போட்டிருந்தால் பட்டியல் வந்த மூன்றாம் நாள் அது இருக்காது. பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ வருகிறவர் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் ஐந்து நாள் எடுத்து வைப்பார்கள். சம்பள நாள் 10ஆந் திகதி என்று சொன்னால் அதுவரையும் வைப்பார்கள். இது எழுதப்படாத விதி, கேட்டால்தான் கிடைக்கும்.

பட்டியலை விடப் பெரிய விஷயம் புத்தகத்தின் முன்னட்டைக்குள் செருகியிருக்கும் கையெழுத்துத் துண்டு. அரைப் போஸ்ட்கார்ட் அளவு. தன் சரக்கைப் பற்றித் தானே குறை சொல்லும் வியாபாரியை வேறெங்கும் பார்ப்பது கஷ்டம். ஒரு துண்டில்: "முதல் 30 பக்கம் பெயர்கள் குழப்பும். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள். பிறகு கீழே வைக்க மாட்டீர்கள்." இன்னொன்றில்: "மொழிபெயர்ப்பு கரடுமுரடு. கதைக்காகப் பொறுக்கலாம்." இன்னொன்றில்: "எழுத்து மிகச் சிறிது. ராத்திரி வேண்டாம், பகல் வெளிச்சத்தில் வாசியுங்கள்." ஒன்பது பட்டியலில் இந்தத் துண்டுகள் சொன்னது தவறியது இரண்டு தடவைதான், அதுவும் ருசி வித்தியாசம்.

மலையக எழுத்துக்குத் தனித் தட்டு உண்டு. 2023இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 வருடமானதைக் குறித்த "மலையகம் 200" நிகழ்வுகளையொட்டி வந்த தொகுப்புகள் அங்கே இருக்கும். அச்சில் இல்லாத பழைய நூல்களுக்குப் புத்தகத்தின் இடத்தில் வெறும் அட்டை ஒன்று நிற்கும்: "இது எங்களிடம் இல்லை. நூலகம் இணையத்தளத்தில் தேடுங்கள், இலவசம்." 2005இலிருந்து ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து போட்டுவரும் அந்தத் தளத்துக்கு ஒரு புத்தகக் கடையே ஆள் அனுப்புகிறது! இறக்கும்போது மட்டும் கவனம். பக்கங்கள் படமாக இருப்பதால் கோப்பு பெரிசு. சின்ன ஃபோனில் பெருக்கிப் பெருக்கித்தான் வாசிக்க வேண்டும். வைஃபை உள்ள இடத்தில் இறக்கி ஒரு டெப்லெட்டில் போட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவு யோசிக்கிற கடை பின்னட்டையில் செய்யும் வேலையைத்தான் மூன்று வருடமாகியும் ஜீரணிக்க முடியவில்லை.

ஸ்டிக்கர். 70 மில்லிமீற்றர் அகலம், 37 உயரம். ஏ4 தாளில் 24 வெட்டி வரும் அந்தக் கணினி லேபிள். அதில் கடைப் பெயர், புத்தகத்தின் பெயர், ஒரு இலக்கம், விலை. புத்தகத்தின் பெயர் எதற்கு? முன்னட்டையில் இருக்கிறதே. சரி, இருந்துவிட்டுப் போகட்டும். அதை ஒட்டும் இடம் பின்னட்டையின் நட்டநடு. அங்கேதான் நூலைப் பற்றிப் பதிப்பாளர் எழுதிய எட்டுப் பத்து வரி இருக்கிறது. வாங்குகிறவர் வாசிப்பது அதைத்தான். "தன் கிராமத்தை விட்டு" என்று தொடங்கும், பிறகு வெள்ளை, பிறகு "முடிவில் அவளே" என்று வெளியே வரும். யார் போனது, ஏன் போனது, எல்லாம் ஸ்டிக்கருக்கு அடியில். இந்திய விலையை மறைக்கத்தான் என்று நினைத்தால் அதுவும் இல்லை. அது உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தில் பளிச்சென்று நிற்கிறது.

கேட்டால் காரணம் உண்டு. கல்லாவில் நிற்பவர் தேடாமல் விலையைப் பார்க்க ஒரே இடத்தில் இருக்க வேண்டுமாம். நியாயம்தான். அந்த ஒரே இடம் கீழ் வலது மூலையாக இருக்கக் கூடாதா? சொன்ன அன்று தலையாட்டுவார்கள். அடுத்த பட்டியலில் மறுபடி நட்டநடுவில்.

பழைய இருப்பில் இன்னொரு வேடிக்கை. ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர், மூன்று அடுக்கு. இந்திய விலை 200 போட்ட ஒரு நாவலில் மேலே 1,000, அதற்கடியில் 1,150, அதற்கும் அடியில் 600. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 அளவில் இருந்த நம் ரூபா மே மாதத்தில் 350ஐத் தாண்டிய கதை முழுக்க அந்த ஒரு பின்னட்டையில் இருக்கிறது. தடவினால் மேடு தெரியும். (இந்திய விலைக்கு ஐந்து மடங்கு என்பது கூடத்தான். கப்பல் கூலி, கிளியரிங், விற்காத பிரதியைத் திருப்பி அனுப்ப முடியாத நிலை, மலைநாட்டு டவுனில் விற்கும் எண்ணிக்கை, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அதைப் பற்றிப் பெரிதாகக் குறை இல்லை. விலை கோபம் வேறு, ஸ்டிக்கர் கோபம் வேறு.)

உரிக்கும் முறை, கேட்டவர்களுக்காக. முதலில் அட்டையைப் பாருங்கள். பளபளப்பான லெமினேஷன் என்றால் தப்பித்தீர்கள். மங்கலான மெட் லெமினேஷன் என்றால் தேய்த்த இடம் மினுங்கும், அளவாகத் தேயுங்கள். லெமினேஷன் இல்லாத வெறும் அட்டை என்றால் கை வைக்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து வரும். விடியக்காலைக் குளிரில் உரிக்கவே வேண்டாம். பசை இறுகி, கடதாசி கிழிந்து, பசை மட்டும் அட்டையில் தங்கும். தலைமுடி உலர்த்தும் ட்ரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து 20, 30 செக்கன் சூடு காட்டுங்கள். ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல் ஸ்டிக்கரைத் தன் மேலேயே மடித்துப் படுக்கையாக, மெதுவாக இழுங்கள். நடுவில் பிடித்தால் நிறுத்தி மறுபடி சூடு. மிச்சப் பசையை லெமினேஷன் அட்டையில் மட்டும் யூக்கலிப்டஸ் தைலத்தால் எடுக்கலாம். நுவரெலியா ரோட்டில் விற்கும் அதே போத்தல்தான். பஞ்சில் இரண்டு சொட்டு, அரை நிமிஷம் ஊறவிட்டு உருட்டித் துடையுங்கள். முதலில் முதுகின் அடிமூலையில் தொட்டு மை கரைகிறதா பாருங்கள், தைலம் சில மையைக் கரைக்கும். தேங்காயெண்ணெய் பசையை இளக்கும், ஆனால் வெட்டு ஓரத்தில் பட்டால் தாளுக்குள் இறங்கி நிரந்தரக் கறை. மூன்றடுக்கு ஸ்டிக்கரை ஒன்றாக இழுக்காதீர்கள், அடுக்கு அடுக்காக.

உரித்து முடித்து அந்த எட்டு வரியை வாசித்தால், உள்ளே இருக்கும் கையெழுத்துத் துண்டு அதைவிட நன்றாகச் சொல்லியிருக்கும் என்பதுதான் எரிச்சலின் உச்சம்.

நிகழ்வுகளுக்கு வருவோம். மாடியில் 25 கதிரை, செங்குத்தான மரப்படி. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே இருந்தே கேட்கலாம், சத்தம் நன்றாக இறங்கும். குத்துவிளக்கு இல்லை, பொன்னாடை இல்லை, பிரதம அதிதி இல்லை, முதற்பிரதி வாங்க மேடைக்கு அழைக்கும் சடங்கும் இல்லை. சொன்ன நேரத்துக்குத் தொடங்கும். நம் புத்தக வெளியீடுகளில் ஊறியவர்கள் அரை மணி பிந்திப் போய்ப் பாதியைத் தவறவிடுவார்கள். முன்பு சனி பின்னேரம் நாலு மணிக்கு வைத்தார்கள். மாலையில் கொழுந்து நிறுத்து வீடு திரும்பும் ஆட்களுக்கும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களுக்கும் அது உதவாத நேரம். போன வருடத்திலிருந்து ஞாயிறு காலை 10 மணி. சொன்னால் கேட்கிறார்கள் என்பதற்கு இது சாட்சி. ஸ்டிக்கர் விஷயத்தில் மட்டும் காது கேட்காது.

ஏப்ரல் நிகழ்வுக்கு வருகிறவர்கள் திகதி பார்த்து வாருங்கள். சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் வெசாக் போயா (பௌர்ணமி) வரை ஓடும், ஞாயிறு காலை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இறங்கும் கூட்டத்தில் பிள்ளைகளோடு நடப்பது சிரமம். புதுவருடத்தை ஒட்டிய கிழமை கடையும் பூட்டு. நுவரெலியா பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அங்கத்தைய ஏப்ரல் சுற்றுலா சீசன் நெரிசல் வேறு. ஆக மாதத்தின் முதல் ஞாயிறுதான் ஓரளவுக்குப் பயன்.

தவறவிடக் கூடாதது பாட்டுக் கூட்டம். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களிலிருந்து ஒருவர் ஒரு பாட்டை வாசிப்பார். இரண்டாவது அடி முடியுமுன் பின் வரிசையிலிருந்து வயசான அம்மா ஒருவர், "எங்க தோட்டத்துல அப்பிடி இல்ல தம்பி" என்று வேறு மாதிரிப் பாடுவார். கடைக்காரர் அந்த வேறுபாட்டைத் தோட்டத்தின் பெயரோடு கடைப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். சில பக்கங்களில் இப்போது அச்செழுத்தை விடப் பென்சில் எழுத்து கூட. அந்தப் பிரதி விற்பனைக்கு இல்லை. அதில் ஸ்டிக்கரும் இல்லை என்பதைக் கவனித்தேன்.

புத்தக மாற்று மேசை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு கொடுத்தால் ஒன்று எடுக்கலாம், பெரும்பாலும் பழைய பரீட்சை வழிகாட்டிகள்தான் கிடக்கும்.

ஒரு எச்சரிக்கை: கடை புத்தகத்தை இறுக்கமான பொலித்தீன் உறையில் தரும். மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேற்கு மழைக்காலத்தில், உறையோடு அலுமாரியில் வைத்தால் உள்ளே ஈரம் சிக்கிப் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் உறையைக் கழற்றி, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, நெருக்கி அடுக்காமல் நிறுத்தி வையுங்கள்.

இனிக் கணக்கு. இந்தியப் புத்தகத்துக்கு உறுப்பினர் கழிவு 10 வீதம், உள்ளூர் நூலுக்கு 5. கட்டிய 1,000 திரும்பி வர வருடத்துக்கு 10,000 ரூபாவுக்கு இந்தியப் புத்தகம் வாங்க வேண்டும், அதாவது பத்து நாவல். பட்டியல் கடைக் கதவில் சும்மா ஒட்டியிருக்கிறது. நிகழ்வு எல்லோருக்கும் இலவசம். எடுத்து வைப்பதற்கும் உறுப்பினராக வேண்டியதில்லை. கையெழுத்துத் துண்டு யார் வாங்கினாலும் கூடவே வரும். இந்தக் கணக்கில் சேர வேண்டாம் என்பதுதான் பதில்.

எனது உறுப்புரிமை மார்ச் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கிறேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஏப்ரல் பட்டியலில் "ஒரு கிழமைக்கு" பிரிவில் முதலாவதை எனக்கும் ஒன்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஸ்டிக்கரைத் தனியாகக் கையில் தரச் சொல்லி.