மூணு சுரம், ஒரு ஊனோ போர்டு: சுரத்துக்கு ஒரு டைமரா, எல்லாத்துக்கும் ஒரே இண்டரப்டா?

அக்கா பொண்ணு பாட்டு கிளாஸ் சேர்ந்தா. வீட்ல சுருதிப்பெட்டி இல்ல, ஃபோன்ல ஆப் போட்டா நடுவுல யாராவது கூப்பிட்டு சுருதி நின்னுடுது, சரி, அர்டுயினோ ஊனோன்னு ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு சும்மா கிடக்கே, அதுலயே சா, பா, மேல் சா மூணையும் ஒண்ணா ஒலிக்க வெச்சிடலாம்னு உக்காந்தேன். ஒரு சின்ன சிப்புல பல அலைய ஒரே நேரத்துல வரவைக்க மூணு வழி இருக்கு, மூணையும் கட்டிப் பார்த்தாச்சு. நான் நின்னது மூணாவதுல: ஒரே ஒரு டைமர் இண்டரப்ட் (குறிச்ச நேரத்துக்கு ஒரு தடவ ஓடற வேலைய நிறுத்தி ஒரு சின்ன கோட ஓடவைக்கறது), அதுக்குள்ள சுரத்துக்கு ஒண்ணா ஃபேஸ் அக்யுமுலேட்டர் (அலை இப்போ எந்த இடத்துல இருக்குன்னு கூட்டிக்கிட்டே போற எண்), டிடிஎஸ்னு சொல்றது. அதனால இதுல அதோட பக்கம்தான் சாய்ஞ்சு பேசுவேன்.

முதல் வழி யாருக்கும் சட்டுனு தோணுறது, சுரத்துக்கு ஒரு டைமர். ஊனோவுல இருக்கற ஏடிமெகா328பி-ல மூணு டைமர், 0-வும் 2-வும் 8 பிட், 1 மட்டும் 16 பிட். ஃபாஸ்ட் பிடபிள்யூஎம் (வேண்டிய அகலத்துல பல்ஸ் விடறது) மோட்ல போட்டு விட்டா ஹார்ட்வேரே பின்னை ஆட்டும், இண்டரப்ட்கூட வேண்டாம். டைமர் 0-வ எடுத்துட்டா அர்டுயினோவுல நேரம் பார்க்கற மில்லிஸும் டிலேவும் போச்சு, அது தெரிஞ்சதுதான். சரிபாதி சதுர அலையில ரெட்டைப்படை ஹார்மோனிக் (அடிப்படை ஹெர்ட்ஸோட 2, 4, 6 மடங்குல வர்ற ஓசை) வராது, ஓசை உள்ள காலியா இருக்கற மாதிரி கேக்கும், அதனால பல்ஸ் அகலத்த கால்வாசி ஆக்கினேன். ஒரு சாயங்காலத்துல வேலை முடிஞ்சுது.

பாட்டு மிஸ் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அஞ்சு கட்டையில ஆன் பண்ணேன். கண்ண மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா சுருதி சேரலையே, அலையுது பாருங்க"ன்னாங்க. சொல்லிட்டு அந்த அலைக்கு விரலால டேபிள்ல தட்டினாங்க, கிட்டத்தட்ட செகண்டுக்கு ஒரு தட்டு.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டா தட்டு அப்படியே நோட்டுல இருக்கு. அஞ்சு கட்டைக்கு சா 196 ஹெர்ட்ஸ், பா அதுல ஒன்றரை மடங்கு 294, மேல் சா 392. கிளாக் 16 மெகாஹெர்ட்ஸ். சா 16 பிட் டைமர்ல இருந்ததால பிரீஸ்கேலர் (கிளாக்க வகுத்து மெதுவாக்கறது) 8 போட்டு 10204 எண்ணினா சரியா 196. பா டைமர் 2-ல, பிரீஸ்கேலர் 256, வேண்டிய எண்ணிக்கை 212.59. டைமருக்கு முழு எண்தான் தெரியும், 213 போட்டா 293.43 தான் வருது. மேல் சாவுக்கு 159.44 வேணும், 159 போட்டா 393.08. தனித்தனியா கேட்டா பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியாது. சேர்த்துக் கேட்டா கதை வேற, ஏன்னா சாவோட மூணாவது ஹார்மோனிக் 588-ல, பாவோட ரெண்டாவது 586.85-ல, ரெண்டும் மோதி செகண்டுக்கு 1.15 தடவ அலையுது, அந்தப் பக்கம் சாவோட ரெண்டாவது ஹார்மோனிக்கும் மேல் சாவும் மோதி 1.08. மிஸ் தட்டினது இதத்தான்.

இந்த வேலைக்கு மத்த எல்லாத்தையும்விட இது ஒண்ணுதான் முக்கியம்னு அன்னிக்குப் புரிஞ்சுது. 196-க்குப் பதிலா 195 வந்தா ஒண்ணும் ஆகாது, பாடறவங்க அதோட சேர்ந்து பாடிடுவாங்க. சாவுக்கும் பாவுக்கும் நடுவுல ரெண்டுக்கு மூணுங்கற அந்த விகிதம் துளி தப்பக்கூடாது. ஊனோவுல 328பி ஓடறது செராமிக் ரெசனேட்டர்ல, குவார்ட்ஸ் அளவுக்குத் துல்லியம் கிடையாது, ஆனா அதப் பத்திக் கவலையே இல்ல, நகர்ந்தா எல்லா சுரமும் சேர்ந்தேதான் நகரும்.

ரெண்டாவது வழி: டைமர் 1-ஐ நிறுத்தாம ஓடவிட்டு அதோட ஏ, பி ரெண்டு கம்பேர் சேனலையும் (எண்ணிக்கை குறிச்ச எண்ணத் தொட்டதும் பின்னை மாத்தறது) பயன்படுத்தறது. ஒவ்வொரு விளிம்பு (பின் மேல கீழ மாறுற இடம்) வந்ததும் இண்டரப்ட்ல அடுத்த விளிம்பு எப்பங்கறத கம்பேர் ரெஜிஸ்டர்ல கூட்டி வெச்சிடணும். பின் மாறுறது ஹார்ட்வேர்ல, அதனால இண்டரப்ட் கொஞ்சம் லேட்டானாலும் விளிம்பு அசையாது. இது உண்மையிலேயே அழகான முறை. சாவுக்கு ஒரு சுற்று 81636 கிளாக், பாவுக்கு 54424, அசல் மூணுக்கு ரெண்டு, அலைச்சல் சுத்தமா போயிடுச்சு. ஸ்டெப்பர் மோட்டாருக்கு ரெண்டு மூணு வேகத்துல பல்ஸ் குடுக்கணும்னா இன்னிக்கும் இதைத்தான் எடுப்பேன். எனக்கு உதைச்சது ரெண்டு விஷயம்: ஊனோவுல 16 பிட் டைமர் ஒண்ணுதான், சேனல் ரெண்டுதான், மூணாவது சுரத்துக்கு மெகா 2560 போர்டு வாங்கணும். அப்புறம் ஓசை. பின்னுல இருக்கறது 0 இல்லன்னா 5 வோல்ட், அத வெச்சு நாணல் சுருதிப்பெட்டி மாதிரி குரல் கொண்டு வரவும் முடியாது, பாவ மட்டும் கொஞ்சம் குறைக்கவும் முடியாது.

அதனால டிடிஎஸ். டைமர் 2 சிடிசி மோட் (எல்லையத் தொட்டதும் மறுபடி 0-லேர்ந்து எண்றது), பிரீஸ்கேலர் 8, மேல் எல்லை 99, செகண்டுக்கு 20000 இண்டரப்ட். ஒவ்வொரு தடவையும் சுரத்துக்கு ஒரு 32 பிட் எண்ணுல அதோட இன்கிரிமெண்ட்ட கூட்டி, மேல் 8 பிட்ட எடுத்து 256 இடம் உள்ள அலை டேபிள்ல பார்த்து, எல்லாத்தையும் கூட்டி டைமர் 1-ல பிடபிள்யூஎம்மா வெளிய விடறேன், வாசல்ல 1 கிலோஓம், 22 நானோஃபாரட் ஃபில்டர். 196 ஹெர்ட்ஸுக்கு இன்கிரிமெண்ட் 42090678. பா வேணுமா, இதோட இதுல பாதியக் கூட்டு, 63136017. மேல் சாவுக்கு ரெண்டு மடங்கு. விகிதம் எண்ணுக்குள்ளயே பூட்டிக்கிச்சு, கட்டை மாத்த குமிழ எவ்வளவு திருப்பினாலும் சாவ மட்டும் மாத்தினா போதும், மத்ததெல்லாம் பின்னாடியே வரும். முன்னாடி ரெண்டு முறையிலயும் கட்டைக்கு ஒரு தடவ எண்ணிக்கைய உக்காந்து பார்க்கணும். புதுசா மந்தர சா சேர்க்கணும்னப்போ சுரப் பட்டியல்ல ஒரு இடம் கூட்டினேன், அவ்வளவுதான், புது டைமர் தேடல.

அக்யுமுலேட்டர் 16 பிட் போதுமேன்னு தோணும், வேகமும் கிடைக்கும், ஆனா அப்போ ஒரு படி 0.3 ஹெர்ட்ஸ், 98 ஹெர்ட்ஸ் மந்தர சாவுல குமிழ் திருப்பினா படிக்கட்டு ஏர்ற மாதிரி குதிக்கும். 32 பிட்டே போடுங்க. ஐஎஸ்ஆர் (இண்டரப்ட் வந்ததும் ஓடற கோடு) ஆரம்பத்துல ஒரு பின்ன ஹை ஆக்கி முடிவுல லோ ஆக்கி ஸ்கோப்ல பார்த்தேன், நாலு சுரத்துக்கு 17 மைக்ரோசெகண்ட் ஆகுது, கையில இருக்கறது 50. பொட்டென்ஷியோமீட்டர் படிக்க, சுவிட்ச் பார்க்க தாராளமா நேரம் இருக்கு.

இதுலயும் குறை உண்டு. விளிம்பெல்லாம் 50 மைக்ரோசெகண்ட் கட்டத்துலதான் விழும், 392 ஹெர்ட்ஸ் சதுர அலை கேட்டா அரை சுற்று 25 டிக்கும் 26 டிக்கும் மாறி மாறி வரும், அந்த வேலைக்கு டிடிஎஸ் ஆகாது. மெதுவா வளையற அலைக்குத்தான் இது. 8 பிட் பிடபிள்யூஎம்ல நாலு சுரத்தப் போட்டா அடியில ஒரு இரைச்சல் இருக்கும். சரின்னு 10 பிட்டுக்குப் போனேன், கேரியர் (பிடபிள்யூஎம் பல்ஸோட வேகம்) 15.6 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிடுச்சு, எனக்கு ஒண்ணும் கேக்கல, பொண்ணு மட்டும் "மாமா, விசில் அடிக்குது"ன்னு காதப் பொத்திக்கிட்டா. 9 பிட், 31.25 கிலோஹெர்ட்ஸ்ல வந்து நின்னேன்.

இன்னொண்ணு, ரெண்டு நாள் தலைய உடைச்சது: குமிழ் திருப்பறப்போ எப்பவாவது 'டொக்'னு ஒரு சத்தம். 328பி 8 பிட் சிப், 32 பிட் இன்கிரிமெண்ட்ட நாலு தடவயா எழுதும், ரெண்டு பைட் எழுதினப்போ இண்டரப்ட் உள்ள பூந்தா பாதி பழசு பாதி புதுசு எண்ணக் கூட்டிட்டுப் போயிடும். எல்லா இன்கிரிமெண்ட்டையும் எழுதற அந்த நாலஞ்சு வரிக்கு மட்டும் இண்டரப்ட்ட ஆஃப் பண்ணி ஆன் பண்ணதும் சத்தம் நின்னுது.

ராஸ்பெர்ரி பை பிக்கோவுல பிஐஓ ஸ்டேட் மெஷின் (பின்ன தனியா ஆட்டற குட்டி புரொசஸர் மாதிரி) எட்டு இருக்கு, ரெண்டாவது வழியில மாட்டின சேனல் பஞ்சம் அங்க இல்ல. அத ரெண்டு நாள்தான் ஓட்டினேன், சதுர அலை நல்லா வந்துச்சு, அதுக்கு மேல தீர்ப்பு சொல்ற அளவுக்குப் பழக்கம் இல்ல.

பெட்டிய மறுபடி மிஸ்கிட்ட கொண்டுபோனேன். இந்தத் தடவ டேபிள்ல தட்டல, "புன்னாகவராளி பாட மத்யம சுருதி வேணுமே, பாவுக்குப் பதிலா மா வருமா தம்பி?"ன்னு கேட்டாங்க. சாவ மூணால வகுத்து சாவோட கூட்டினா 56120904, அதான் மா. ஒரு சுவிட்ச், ஒரு வரி கோடு, அங்கயே லேப்டாப்ப வெச்சு ஏத்திக் குடுத்துட்டு வந்தேன்.