பொது நிறுவனப் பக்கங்களில் கைப்பேசி எண்ணைப் பதிவிடாதீர்கள்

குடிநீர்க் கட்டணம் இருமுறை பிடிக்கப்பட்டுவிட்டது என்று, அதை வசூலிக்கும் பொது நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கத்தில் புகார் எழுதினேன். "சிரமத்துக்கு வருந்துகிறோம். வாடிக்கையாளர் எண்ணையும் கைப்பேசி எண்ணையும் இங்கே பதிவிடவும்" என்று பதில் வந்தது. கேட்டது போலிக் கணக்கு அன்று, நிறுவனத்தின் அசல் கணக்கேதான். ஊரே பார்க்கும் இடத்தில் கேட்டார்கள், பதிவிட்டேன்.

சற்று நேரத்தில் ஓர் அழைப்பு. பேசியவர் என் பெயரையும் வாடிக்கையாளர் எண்ணையும் புகாரின் வாசகத்தையும் பிசகாமல் சொன்னார். அலுவலகத்தைத் தவிர வேறு யாருக்கு இவ்வளவு தெரியும்? பணத்தைத் திரும்பப் பெறுவதற்கான படிவம் என்று ஒரு சுட்டியை அனுப்பினார். நிறுவனத்தின் சின்னம், நிறம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. வங்கி அட்டை விவரங்களை நிரப்பியதும் கணக்கில் இருந்த பணம் போய்விட்டது.

இந்தக் கும்பல்கள் பெரிதாக எதையும் துப்பறிவதில்லை. பொது நிறுவனங்களின் பக்கங்களில் யார் புலம்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். சிலர் நிறுவனப் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக் கணக்கு தொடங்கி, அலுவலகத்துக்கு முன்பே பதிலளித்துவிடுகிறார்கள். கணக்கு உண்மையானது என்று காட்ட பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நீலக் குறியைப் பார்த்தும் நம்ப முடியாது. 2022 நவம்பரில் ட்விட்டர் அதைச் சந்தாவுக்கு விற்கத் தொடங்கியவுடன், எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் யாரோ குறி வாங்கி, இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்தார். உண்மையான நிறுவனம் மன்னிப்புக் கேட்டு மறுக்க வேண்டியதாயிற்று. அரசு அமைப்புகளுக்கான சாம்பல் நிறக் குறி அதன் பிறகு, டிசம்பரில்தான் வந்தது.

பணம் போனதைவிட, அடுத்து நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. ஏமாற்றப்பட்டதை அதே பக்கத்தில் விவரமாக எழுதினேன். "சிரமத்துக்கு வருந்துகிறோம். கைப்பேசி எண்ணை இங்கே பதிவிடவும்" என்று மறுபடியும் அதே வரி! நான் எழுதியதை ஒருவரும் படிக்கவில்லை. கோபத்தோடு மீண்டும் எழுதினேன். அந்தக் கருத்தை மறைத்துவிட்டார்கள். அது கண்ணில் படும்படி இருந்திருந்தால் இன்னொருவராவது தப்பியிருப்பார். என் கைப்பேசி எண் மட்டும் மறைக்கப்படாமல் அங்கேயே கிடந்தது.

நிறுவனங்கள் பொதுவெளியில் புகார் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு, மற்ற விவரங்களைச் சொந்த இணையதளத்தில் வாங்கிக்கொள்வதில் என்ன கஷ்டம்? யாராவது தெரியாமல் எண்ணைப் பதிவிட்டால், உடனே அதை மறைத்து அவருக்குச் சொல்ல வேண்டியது பக்கத்தை நடத்துபவரின் வேலை. எந்தக் கணக்குகள் தங்களுடையவை, எந்த நேரத்தில் பதிலளிக்க ஆள் இருக்கும் என்பதையும் இணையதளத்தின் முகப்பிலேயே போட வேண்டும். ஆள் இல்லாத நேரங்களில்தான் போலிகளுக்குக் கொண்டாட்டம்.

அப்படிப்பட்ட பக்கங்களில் உங்கள் எண் ஏற்கெனவே இருந்தால் இன்றே நீக்குங்கள். யாராவது அழைத்து உங்கள் புகாரை வரிக்கு வரி சொன்னாலும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, இணையதளத்திலோ கட்டண ரசீதிலோ உள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். பணம் போய்விட்டால் முதலில் வங்கியை அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.