நேர்காணலா, மறுசோதனையா? மொழிபெயர்த்த சமநிலை வினாத்தாளுக்கு எது முதலில்?

சுவீடனில் உருவாகி 2014-இல் வெளியான செயல்பாட்டுச் சமநிலை வினாத்தாளில் (Occupational Balance Questionnaire; அன்றாடச் செயல்களுக்கு இடையே சமநிலை இருக்கிறதா என்று அளப்பது) 13 கூற்றுகள் இருந்தன. பின்னர் 11 ஆகச் சுருங்கின: ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 33 புள்ளி.

மொழிபெயர்ப்பைச் சோதிக்கும் நேர்காணலுக்குப் பத்துப் பேர் போதும். பதிலைக் குறிக்கும்போதே மனதில் ஓடுவதைச் சொல்லச் சொல்லுங்கள். வேலை, வீடு, குடும்பம், ஓய்வு, தூக்கம் எல்லாவற்றுக்கும் இடையிலான சமநிலையைக் கேட்கும் கூற்றில்தான் சிக்கல் தெரியும். ஒருவர் தூக்கத்தை மட்டும் நினைத்து 1 போடுவார். இன்னொருவர் வேலையை நினைத்து 3 போடுவார். "புரிஞ்சுதா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "எதை நினைச்சு இந்த எண்ணைப் போட்டீங்க?" என்று கேளுங்கள்.

மறுசோதனை என்பது அதே ஆட்களிடம் மீண்டும் நிரப்பச் சொல்லி, புள்ளிகள் மாறாமல் நிற்கின்றனவா என்று பார்ப்பது. அதற்குக் குறைந்தது 50 பேர், சுமார் இரண்டு வார இடைவெளி வேண்டும். இடைவெளி குறைந்தால் பழைய பதில் நினைவில் நிற்கும். கூடினால் வாழ்க்கையே மாறியிருக்கும். இடையில் வேலை மாறியவர்களைக் கேட்டறிந்து கழித்துவிடுங்கள். உள்வகுப்புத் தொடர்புக் கெழு (ICC: இரு முறைப் புள்ளிகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.70-ஐத் தொட்டால் ஏற்கலாம், ஆனால் முழு உடன்பாட்டு (absolute agreement) வகையில் கணக்கிட வேண்டும். எல்லோருக்கும் பொதுவான ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுக்காத இசைவு (consistency) வகையில், எல்லோரும் இரண்டாம் முறை 3 புள்ளி கூட்டிப் போட்டாலும் கெழு உயர்ந்தே நிற்கும்.

ஒன்றுக்குத்தான் நேரமும் பணமும் உண்டென்றால் நேர்காணலையே எடுக்கலாம். தவறாகப் புரிந்தவர் இரண்டு முறையும் அதே தவறைச் செய்வார். கெழு அதைக் காட்டாது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடப் போகிறவர்களுக்கோ மறுசோதனை கட்டாயம்: அளவீட்டின் திட்டப்பிழை (ஒருவரின் புள்ளி தற்செயலாக ஊசலாடும் அளவு) 2 புள்ளி என்றால், இரண்டு முறையின் பிழையும் சேர்வதால், ஒருவரிடம் 5.5-க்குக் குறைந்த மாற்றத்தை முன்னேற்றமென்று எழுத முடியாது.